மனுவோடு இணைத்த செய்தி

பனிக்கரடி படத்தைப் பார்த்தாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். வெளிநாட்டில் எங்காவது பருவநிலை மாநாடு நடந்தால் எங்கள் நாளிதழில் அந்தப் படம்தான் வரும். ஒரே கரடி, ஒரே பனிக்கட்டி. தலைவர்கள் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிப் போவார்கள். கரடி மட்டும் அடுத்த மாநாட்டுக்காக ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே காத்துக் கிடக்கும். நான் சிதம்பரத்தில் அந்த நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். விபத்து, திருவிழா, சாலை மறியல், கட்சிக்காரர்கள் மரம் நடுவது எல்லாம் என் தலையில்தான் விடியும். மரம் நடுகிற குழிகூட வருஷா வருஷம் ஒரே குழிதான்.

என் அக்காவைக் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவருக்கு நான் மச்சான். மாமாவுக்கு இரண்டு காணி நிலம். வயலை ஒட்டி ஓடும் வடிகால் வாய்க்கால் உப்பங்கழியில் போய்ச் சேரும். சேருமிடத்தில் ஒரு ஷட்டர் இருந்தது. கடல் தண்ணீர் ஏறும்போது இறக்கிவிட்டால் உப்பு உள்ளே வராது. மழைத்தண்ணீர் வடிய வேண்டுமென்றால் தூக்கிவிட வேண்டும். சுனாமியில் அது போயிற்று. இரும்புச் சட்டம் வளைந்து நிற்க, பலகை எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த நாட்களில் நான் செய்தி சேகரிக்கக் கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினத்தில் இருந்தேன். அங்கே பார்த்ததை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது. மனுஷர்களே போய்விட்ட நேரத்தில் ஷட்டரைப் பற்றி யார் பேசுவார்கள்? மாமாவும் பேசவில்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்றார். போயிற்று. கோடையில் மறுபடி ஏறியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வரப்போரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. நட்ட பயிர் நுனி கருகி, பால் பிடிக்காமல் நின்றது. பக்கத்து வயல்காரர்கள் இறால் குளத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஒரு தடவை இறால் குளம் வெட்டிவிட்டால் அது திரும்ப வயலாகாது. மாமா பிடிவாதமாக இருந்தார். ஷட்டர் வந்தால் போதும், நிலம் பிழைத்துக்கொள்ளும் என்பார்.

அதனால் மனு எழுத ஆரம்பித்தார். அதாவது நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முதல் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போவார். பதிலும் வரும். நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும் என்று வரும். ஆனால் ஒன்றை மட்டும் அந்த அதிகாரிகள் மறுத்ததே இல்லை. ஷட்டர் உடைந்ததால்தான் உப்பு ஏறுகிறது என்று ஒவ்வொரு பதிலிலும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தடவை, மதிப்பீடு தயாராகிறது என்றே எழுதியிருந்தார்கள். மாமா அந்தக் கடிதத்தை பீரோவில், பத்திரத்தோடு சேர்த்து வைத்தார்.

சுனாமிக்கு ஐந்து வருஷம் கழித்து ஐரோப்பாவில் ஒரு பெரிய மாநாடு நடந்தது. ஆபீசில் கரடி போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். உதவி ஆசிரியர் எனக்குப் போன் போட்டு, கடல் மட்டம் உயர்கிறது என்று உலகமே அலறுகிறதே, உங்கள் ஏரியாவில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். எனக்கு மாமாவின் வயல் நினைவுக்கு வந்தது. இத்தனை மனு செய்யாததை ஒரு செய்தி செய்துவிடும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், முதல் பக்கத்தில் என் செய்தி வரப்போகிறது என்கிற ஆசையும் இருந்தது.

பருவநிலை மாற்றம், உயரும் கடல், அழியும் வயல் என்று இழுத்து இழுத்து எழுதினேன். ஷட்டர் உடைந்த கதையைக் கடைசிப் பாராவில் வைத்தேன். இடம் பற்றாவிட்டால் ஆபீசில் முதலில் வெட்டுவது கடைசிப் பாராவைத்தான். பத்து வருஷமாக நிருபராக இருப்பவனுக்கு அது தெரியாதா? தெரியும். மறுநாள் 'கடல் விழுங்கும் கிராமம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. உப்புப் பூத்த மண்கட்டியை ஏந்திக்கொண்டு மாமா நிற்கிற படம். ஷட்டர் என்ற சொல்லே செய்தியில் இல்லை.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த பேப்பரை எல்லாம் வாங்கிவிட்டார். சிதம்பரத்துக்கு வந்து ஒன்றை லேமினேஷன் பண்ணிக்கொண்டார். கட்சிகளும் ஆளுக்கொரு அறிக்கை விட்டன. கீழவீதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஒரு பேச்சாளர், இதற்கெல்லாம் பொறுப்பு புகை கக்குகிற பணக்கார நாடுகள்தான், அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முழங்கினார். மாமா என் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார். அப்புறம் மெதுவாக, "அப்ப அவுங்க எப்ப வருவாங்க மச்சான்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எங்கள் பக்கம் மனுவோடு பேப்பர் செய்தியை இணைத்தால்தான் அது மனு. வெறும் மனுவை யார் மதிக்கிறார்கள்? பேப்பரிலேயே வந்துவிட்டது என்றால் அதிகாரி பயப்படுவார் என்று ஒரு நம்பிக்கை. அடுத்த திங்கட்கிழமை புது மனுவோடு அந்தச் செய்தியின் ஜெராக்சையும் வைத்துக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மாமா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆபீஸ் தமிழ் அவருக்கு ஓடாது. ஒன்பதாவது படிக்கிற அக்கா பொண்ணு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. கடிதத்தை என்னிடம் கொடுத்து, அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, படி என்றார்.

முதலில் மனதுக்குள் படித்தேன். தலைப்பில் 'பார்வை' என்று போட்டு, முதலாவதாக மனு, இரண்டாவதாக நாளிதழ்ச் செய்தி. மேற்படி செய்தியிலேயே கூறப்பட்டுள்ளவாறு, நிலத்தில் உப்பு ஏறுவது உலகளாவிய பருவநிலை மாற்றத்தின் விளைவு என்பதால், உள்ளூர் அளவில் ஷட்டர் அமைப்பது பயன் தராது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. அவ்வளவுதான். மதிப்பீடும் இல்லை, நிதியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து வருஷமாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த சாக்கை நானே எழுதி, அச்சடித்து, இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பரிசீலனையில் இருக்கிறதாம் மாமா என்றேன். அக்கா காபி போட எழுந்து போனாள். நான் காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் மாநாட்டுச் செய்தி எதையும் நான் படிப்பதில்லை. மாமா ஒரு காணியைத் தரிசாகப் போட்டுவிட்டு ஒன்றில் மட்டும் நட்டார். இறால் குளத்துக்காரர்கள் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து போனார்கள். இரண்டு வருஷம் கழித்து வருஷக் கடைசியில் புயல் வந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த மாவட்டத்தைப் பார்க்க மந்திரிகள் காரில் வந்தார்கள். எங்கள் பக்கமும் ஒருவர் வருகிறார் என்றதும் மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பீரோவைத் திறந்து, லேமினேஷன் செய்த செய்தியை எடுத்து என் முன்னால் வைத்தார். இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"இத வைக்க வேணாம் மாமா," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி, நான் படிக்காமல் விட்டது, கடைசிப் பாரா, எல்லாம்.

மாமா லேமினேஷன் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"தெரியும் மச்சான். அன்னிக்கே நீ கௌம்பிப் போனதும் பொண்ணு அந்த லெட்டரப் படிச்சிக் காட்டிட்டா."

"அப்ப ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ வூட்டுக்கு வர மாட்ட. உங்க அக்கா அழுவா. நீயே சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேன்." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "இப்ப எழுது. ஷட்டர் ஒடஞ்சிருக்கு, போட்டுக் குடுங்க. ஜாஸ்தி எதுவும் எழுதாத."

மூன்றே வரி எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். லேமினேஷன் பீரோவுக்குத் திரும்பிப் போயிற்று.

மந்திரியின் கார் எங்கள் ரோட்டில் நிற்கவில்லை, மெதுவாகப் போனது, அவ்வளவுதான். பின்னால் வந்த ஜீப் நின்றது. முன் சீட்டிலிருந்த உதவியாளர் கையை நீட்டி மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பேப்பர்ல ஏதாவது வந்துருக்குதுங்களா? இருந்தா சேத்துக் குடுங்க, வெயிட்டா இருக்கும்."

நான் நோட்டும் பேனாவுமாக மாமாவை ஒட்டித்தான் நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க சார்," என்றார். "எங்க ஊரப் பத்தி யாரும் எழுதல."