அடியில் ஓடும் வரி

கமர் நிஷாவுக்குக் காது கேட்காது என்பது திருமலைராயன்பட்டினத்தில் அவள் இருந்த தெருவுக்கே தெரியும். துபாயில் வேலை பார்த்த கணவர் மன்சூர் அலிக்கு மட்டும் ‘கொஞ்சம் மந்தம்’ என்ற அளவில்தான் தெரியும்.

மகள் இஃபாத் பிறந்த பிறகு வந்த ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது அது. வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போய், கடைசியில் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கும் அவளுக்கு எட்டாமல் போனது. “வாப்பாகிட்ட சொல்லிடாத. அங்க தனியா கெடந்து மருகுவாங்க” என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். போன் வந்தால் இஃபாத்தான் எடுப்பாள். அவர் சொல்வதைத் தாயின் முகத்துக்கு நேரே திரும்பி உதட்டை அசைத்துக் காட்டுவாள். லீவில் அவர் வருகிற நாட்களோ விருந்தும் கல்யாணமுமாக ஓடிவிடும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

அந்த வீட்டில் அவளுக்குத் துணை பழைய டிவிதான். செய்திச் சேனலை வைத்துவிட்டு, அடியில் ஓடும் வரியைச் சமையலுக்கு நடுவே வந்து வந்து படிப்பாள். கேஸ் விலை ஏறினாலும், மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டாலும் தெருவில் முதலில் சொல்வது அவள்தான். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பூங்கொடி கூடையை இறக்கியதுமே, “நிஷாக்கா, கடலப் பத்தி என்ன போடுறான்?” என்று கேட்பாள். அவள் கணவன் அருள்மணி போட்டில் போகிறவன். காது கேட்காத தன்னைத் தேடி வந்து நாலு பேர் செய்தி கேட்பதில் கமர் நிஷாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

2009ஆம் வருஷம் மன்சூர் அலி, வெளிநாட்டுச் சபர் போனது போதும் என்று ஊரோடு வந்து சேர்ந்தார். வரும்போது விமானத்திலேயே ஒரு பெரிய தட்டை டிவியைக் கொண்டுவந்தார். போர்வை சுற்றி, கயிறு கட்டி, குழந்தையைப் போலக் காரிலிருந்து இறக்கினார். “உனக்குத்தான் கமரு. நாள் முழுக்க டிவி பாக்குறியாமே, இஃபாத் சொன்னுச்சு” என்றார்.

மாட்டிய அன்றைக்கே தலைவலியும் ஆரம்பித்தது. டிவி அகலம், கேபிளில் வருகிற படமோ சதுரம். ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. இன்னொன்றை அழுத்தினால் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பூசணிக்காய் போல வீங்கியது. ‘ஜூம்’ என்று போட்டபோதுதான் முகம் முகமாக இருந்தது, திரையும் நிறைந்தது. “இதான் சரி!” என்று மன்சூர் அலி ரிமோட்டை வைத்துவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் ஜூம் படத்தின் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டிவிட்டது. அடியில் ஓடிய வரியில் எழுத்துகளின் மேல்பாதி மட்டும்தான் மிஞ்சியது. கமர் நிஷா கிட்டே போய்ப் பார்த்தாள், எட்ட நின்று பார்த்தாள். ‘பு’வா ‘ய’வா என்று பிடிபடவில்லை. ஒருநாள் யாரும் இல்லாதபோது ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். திரை முழுக்க நீலமாகிப் படமே போய்விட்டது. மன்சூர் அலி வந்துதான் சரிசெய்து, திரும்பவும் ஜூமிலேயே வைத்தார். அத்தனை ஆசையாகத் தூக்கி வந்தவரிடம் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பழைய டிவியையும் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மெல்ல மெல்ல டிவி பக்கம் போவதையே விட்டாள். அவர் கூப்பிட்டு அவள் திரும்பாதபோதெல்லாம், அதே ‘கொஞ்சம் மந்தம்’தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை வானம் மூடிக்கிடந்தது. பூங்கொடி வாசலில் கூடையை இறக்கி வழக்கம்போலக் கேட்டாள்.

“தெரியலம்மா” என்றாள் கமர் நிஷா.

“என்னக்கா, டிவி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?”

“படிக்க முடியலம்மா. பாதி எழுத்துதான் வருது.”

பின்னால் நாற்காலியில் மன்சூர் அலி இருந்ததை அவள் கவனிக்கவில்லை. பூங்கொடியின் பார்வை கமர் நிஷாவைத் தாண்டி அவரிடம் போனது. அவள் உதடு சொன்னது: “பாய், அக்காவுக்குக் காது சுத்தமா கேக்காதுல்ல. அந்த வரியப் படிச்சித்தான் எங்களுக்கெல்லாம் சொல்லும். உங்களுக்குத் தெரியாதா?”

கமர் நிஷா திரும்பிப் பார்க்காமல் மீனை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீனைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது மன்சூர் அலி தரையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், டிவியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இஃபாத் உள்ளே வந்து அவரைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். “ஏன் வாப்பா சத்தத்த அமத்திட்டுப் பாக்குறீங்க?” என்று மகளின் உதடு கேட்டது. அப்போதுதான் கமர் நிஷாவுக்கு, கூடத்தில் சத்தமே இல்லை என்பது தெரிந்தது.

அவர் எழுந்து வந்து அவளுக்கு நேரே நின்றார். கண் கலங்கியிருந்தது. “ஏன் கமரு சொல்லல?”

“நீங்க வந்துட்டீங்க. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்.”

“பாதி எழுத்த வச்சிக்கிட்டு எப்புடிப் போதும்?”

அன்று பகல் முழுக்க ரிமோட்டோடு மல்லுக்கட்டினார். இஃபாத் ஆங்கில மெனுவைப் படித்துச் சொல்ல, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கறுப்புப் பட்டை விழுகிற பழைய சதுர அளவில் வைத்தும் வரியின் ஓரம் இம்மியளவு மறைந்தது. படத்தைச் சற்றே மேலே தூக்குகிற இன்னொரு செட்டிங்கை இஃபாத் கண்டுபிடித்த பிறகுதான் வரி முழுசாக வந்தது. கமர் நிஷா அதை வாய்விட்டுப் படித்தாள். தன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு முகங்களும் மலர்ந்தன.

தொல்லை அதோடு தீரவில்லை. கரண்ட் போய் வந்தால் டிவி எல்லாவற்றையும் மறந்து ஜூமுக்கே போய்விடும். மன்சூர் அலி சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து அழுத்துவார். பெருநாளைக்கு வந்த அவருடைய தம்பி, “இவ்ளோ பெரிய டிவிய வாங்கி ரெண்டு பக்கமும் இருட்டா வச்சிருக்கீங்களே காக்கா” என்றான். “அந்த எடம் சும்மா கெடந்துட்டுப் போவுது” என்று சொல்லிவிட்டு அவர் பிரியாணியைப் பரிமாறப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளோடு எது பேசினாலும் எதிரில் வந்து நின்றுதான் பேசினார். அறைக்குள்ளிருந்து கூப்பிடுவதை விட்டார். அவள் முதுகு காட்டி நின்றால் சுற்றிவந்து முகம் பார்த்து, ‘டீ இருக்கா’ என்பதைக்கூட நிதானமாகக் கேட்டார். ஊரில் எந்தக் கணவரும் மனைவியிடம் ஒரு டீயை இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக் கமர் நிஷா சிரித்துக்கொள்வாள். முன்பெல்லாம் தொழுது கையேந்தினால் இறைவனிடம் கேட்பதற்கு அவளுக்கு நிறைய இருக்கும். இப்போது நன்றி சொல்லி முடிப்பதற்கே நேரம் பிடித்தது.