மூன்றாம் ஓலை

“பாட்டு டீச்சராக்கும்” என்றுதான் மாமா இன்றும் உறவுக்காரர்களிடம் சொல்கிறார். பொய். அம்மாவின் தங்கை, என் சித்தி, பங்க் ராக் பாடகி. தொண்ணூறுகளில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில், அப்படி ஒரு பாட்டு உண்டென்பதே யாருக்கும் தெரியாது.

கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்காக அவள் கற்றது கிதார். திருவனந்தபுரத்தில் படிக்கப் போனவள் ஒரு பங்க் காசெட்டோடு திரும்பினாள். அதன்பின் கிதாரில் மூன்றே விரல்பிடிகள், மூச்சுவிடாத வேகம், அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். பேருந்தில் உரசுகிறவனைப் பற்றி, எல்லைச் சாவடியைப் பற்றி, பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத் தானே எழுதினாள். இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு கல்லூரி மேடைகளில் பாடினாள்.

“இது பாட்டா, பல்வலியா?” என்பார் கோர்ட்டில் குமாஸ்தாவான மாமா.

“கேக்கவனுக்கு வலிக்கணும் அண்ணா. அதுக்காக்கும் பாடுதேன்.”

பெங்களூரில் பாட அழைப்பு வந்த மாதமே மாமா பெருங்கடவிளையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான்: கிதார் கூட வரக்கூடாது. மாமா தலையாட்டினார், சித்தியைக் கேட்காமலே. கிதாரை அலமாரியில் பூட்டினார். சாவியைத் தன் கோயில் பாட்டுப்புத்தக உறைக்குள் செருகியதை நான் மட்டும் பார்த்தேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்களின் பெயரைச் சொல்லி, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். ஒருவரும் வாய் திறந்ததில்லை. அது இருமிக்கொள்வதற்கான நேரம். முதல் இரண்டு ஓலைகளுக்கும் சித்தி குனிந்தே இருந்தாள். நான், கல்யாணத்தில் பூக்கூடை ஏந்தப்போகிறவள், தையல்காரியிடம் கிடந்த ரோஸ் கவுனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு போதகர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைத் திருப்பினார். சித்தி எழுந்தாள்.

“தடை உண்டு.”

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். “யாருக்கு?”

“பெண்ணுக்கு. எங்கிட்ட இதுவரை ஒருத்தரும் கேக்கல்ல ஐயா. நீங்கதான் முதல்ல கேட்டிய.”

“ஏட்டி, இரி அங்க,” என்றார் மாமா. பாட்டுப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

அவள் உட்காரவில்லை. ஓலை நின்றது. கல்யாணமும்.

திங்கள் விடியலில், பையோடு, என்னருகே குனிந்தாள். “மக்கா, அலமாரிச் சாவி எங்க?”

என் கவுன் போயிற்று. என் பூக்கூடையும் போயிற்று. “தெரியாது,” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு என் தலையைக் கலைத்துவிட்டு, “கவுனை வேண்டாம்னு வச்சிராத. கிறிஸ்மஸுக்குப் போடு,” என்றாள். கிதார் இல்லாமலே பஸ் ஏறினாள்.

இரவல் கிதாரில்தான் பெங்களூரில் பாடினாள்; பிறகு ஊர் ஊராக, தொண்டை கிழியும்வரை. ஒரே ஒரு காசெட் வந்தது. வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாமாவைத் திட்டுவதில் எனக்கு இன்றும் வாய் ஓய்வதில்லை, அது எளிது. அந்தக் கிறிஸ்மஸுக்கு ரோஸ் கவுன் போட்டுக்கொண்டு, நான் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டாள் என்றே நினைத்துச் சுற்றிச் சுற்றி ஆடினேன்.