தலைமையாசிரியை கொடுத்தனுப்பிய கடிதம்

காலை பதினொன்றேகால் மணி. ராயபுரத்தில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் ஜன்னலருகே நின்றிருந்தேன். "சிபாரிசுக் கடிதமா? வியாழக்கிழமையே பியூன்கிட்ட உங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டோமேம்மா" என்றார் குமாஸ்தா. இன்றும் யாராவது "அனுப்பிட்டோமே" என்றால், யார் கையில் கொடுத்தீர்கள் என்று இரண்டு தரம் கேட்பேன்.

அன்று சனிக்கிழமை. கல்லூரியில் விண்ணப்பம் வாங்கும் கடைசி நாள். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். தலைமையாசிரியையின் கடிதம் இல்லாத விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கோ எந்தக் கடிதமும் வரவில்லை. வேறொன்று எழுதித் தரச் சொல்லலாமென்றால் தலைமையாசிரியை ஊருக்குப் போய்விட்டார். பியூனும் லீவு, புளியந்தோப்பில் அவன் தங்கைக்குக் கல்யாணம்.

காலடிப்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். என் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியபோது நான் அழவில்லை. அன்று அழுதேன். கண்டக்டர் எங்களைத் தெரிந்தவர். "இன்னாம்மா, கண்ணுல மண்ணு பட்ச்சா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

என் கணவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். கடிதம் முன்னமே வந்து எங்காவது கிடக்கிறதோ என்று மகள் பாய்க்கு அடியில், காலண்டருக்குப் பின்னால், பழைய பேப்பர்க் கட்டில் எல்லாம் தேடி முடித்து, வெளியே போகும் தாவணியோடு விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். எல்லாவற்றுக்கும் ரேஷன் இருந்த அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அழுதால் இன்னொரு வீட்டில் உலை இறங்கிவிடும். இப்போது அப்படி ஒரு தெருவில் நான் இல்லை.

"எதுக்கும்மே பொண்ணு அழுவுது?" என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டு மீன்காரம்மா உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்து ஆள் கொண்டுவந்த கடிதம் காணவில்லை என்றேன். அவர் முகம் மாறியது. மடியை அவிழ்த்து, கசங்கிய உறை ஒன்றை வெளியே எடுத்தார்.

"வியாயக்கெயமை ஒர்த்தன் வந்தான். நீங்க ரெண்டு பேரும் ரேஷன் கடைல நின்னுகினு இருந்தீங்க. 'பொண்ணுக்குக் கலீஜ் லெட்டரு, அம்மாகிட்ட குட்த்துடு'ன்னான். எவனோ கய்தை பொண்ணப் பத்திக் கலீஜா, அசிங்கமா எய்திட்டான்னு நெஞ்சே பதறிப்போச்சு. உன் வூட்டுக்காரு கைல கெட்ச்சா படிப்ப நிறுத்திட மாட்டாரு? உன்கிட்ட சொன்னா நீ தூங்குவியா? அதான் மடிலயே முடிஞ்சுகினு திரிஞ்சேன். கிய்க்கவும் மன்சு வரல."

"பெரிம்மா! கலீஜ் இல்ல, காலேஜ்!" மகள் அழுகையிலேயே சிரித்துவிட்டாள்.

உறையின் அரக்கு உடையவில்லை. மணி ஒன்றரை.

"அய்ய, பொம்பளப் புள்ளைங்களுக்குக் காலேஜி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? அந்தப் பேமானி வாயத் தொறந்து ஒய்ங்கா சொல்லக் கூடாதா?" என்று திட்டியபடி உறையை முந்தானையில் துடைத்து என் கையில் திணித்தார். "கவுச்சி அடிக்கும். கேட்டா, மீன்காரி குட்த்தான்னு சொல்லு. நிக்காதம்மே, ஓடு!"