தவமணி குரங்கையும் கானமயிலையும் ஒப்பிட்ட கிழமை

என்னைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜன்சிக்காரனுக்கு ஒன்பதாயிரம் டொலர் கடனோடு ரொறன்ரோவில் இறங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. உணவகங்களில் கோப்பை கழுவியே இரண்டு வருடத்தில் அதை அடைத்தேன். தொண்ணூற்று நான்கில் அதே நகரின் மல்வேர்ன் பகுதியில் சொந்தப் பலசரக்குக் கடை. ஆளைப் பார்த்த உடனே எடைபோட எனக்குத் தெரியும். ஆனால் என் கடையில் காசு வாங்கும் காஷில் நின்ற தவமணியைப்போல நிலைகொள்ளாத ஆளை நான் கண்டதில்லை.

அவள் சாவகச்சேரிக்காரி. ஊரில் தபால்கந்தோரில் இருந்தவள். இங்கே முதியோர் இல்லமொன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆங்கில வகுப்பில் தேறிய கடிதம் மட்டும் வேண்டும். கடைசிச் சோதனை, அருகிவரும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டுப் பேசுவது. அவளுக்கு விழுந்தவை சிங்கவால் குரங்கும் கானமயிலும்.

கிழமை முழுக்க அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்து நடந்து முணுமுணுத்தாள். குரங்கு மரத்துக்கு மரம் தாவுமாம். காட்டை வெட்டித் தேயிலை நட்டால் அந்த வெளியைக் கடக்க முடியாமல் தவிக்குமாம். கானமயில் புல்வெளியில் நடந்து திரியும், வெறுந்தரையில் ஒற்றை முட்டை இடும், புல்வெளியை உழுதால் அதற்குப் போக்கிடமில்லை. மிச்சக்காசு கொடுப்பதில் இரண்டு தரம் பிழைவிட்டாள். சனம் சிரித்தது. நீர் சொல்லுக்குச் சொல் பாடமாக்கும், நானும் அப்படித்தான் கார் லைசென்ஸ் எடுத்தேன் என்று சொன்னது நான்தான்.

வெள்ளி பின்னேரம் சோதனை முடிந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பாதியில் ஆசிரியை மறித்து, ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் எதை என்று கேட்டிருக்கிறார். இவள் பாடமாக்கிய முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறாள். மறுபடி மறிப்பு, மறுபடி முதல் வரி.

“பிறகு?” என்றேன்.

“பறவையை எண்டன். குரங்கு குட்டியை வயித்தில கொழுவிக்கொண்டு ஓடும். முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடேலுமோ, அண்ணை?”

ஆசிரியை கடிதத்தில் கையெழுத்து வைத்தாராம்.

பாடமாக்கச் சொன்னது நானல்லவா என்றேன்.

“உந்தப் பாடமாக்கினதாலதான் அரைவாசி உயிர் போச்சு,” என்றாள்.

திங்கள் முதல் அங்கே வேலை. எனக்குக் காஷுக்கு ஆளில்லை. இன்னும் ஒரு கிழமை நில்லும், மணிக்கு ஐம்பது சதம் கூட்டித் தருகிறேன் என்றேன். அவர்களாகக் கேளாமல் நான் யாருக்கும் கூட்டியதில்லை. அவள் கண் வீதியிலேயே நின்றது.

“என்ர கிழமைச் சம்பளக் காசைத் தாங்கோ, அண்ணை. பஸ் வருது.”

கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தாள். இருபது டொலர்த் தாள்கள் பதினொன்றை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.