எனக்குக் கேட்காத குரல்

மற்ற வேலைகளுக்கெல்லாம் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு ஆள் எடுப்பார்கள். எங்கள் வேலைக்கு மட்டும் எப்போது நன்றாக இல்லாமல் இருந்தாய், எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்டு எடுப்பார்கள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'சக ஆதரவாளர்' என்று போட்டிருக்கும். மனநோய் வந்து, வார்டில் படுத்து, தேறி எழுந்தவர்கள் நாங்கள். இப்போது படுத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. ஊசி போட மாட்டோம், மாத்திரை தர மாட்டோம். "நானும் இந்தக் கட்டில்லதான் கெடந்தேன், எழுந்து வந்துட்டேன் பாரு" என்று காட்டுவதற்காக எங்களை வைத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனையில், பெண்கள் வார்டில், நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்களோ தெரியாது. ஆனால் உங்களுக்குப் பின்னால் வந்த ஒருத்தி, வந்த ஒரே வாரத்தில் உங்கள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உங்களைத் தள்ளி உட்கார வைத்திருந்தால், நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

பத்தொன்பது நாள்

நான் சங்கராபுரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ஒரு கார்த்திகையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், பொங்கலுக்கும் எழுந்திருக்கவில்லை. குளியல் இல்லை, தலைவாரல் இல்லை. துணி கொடுத்தவர்கள் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து இங்கே சேர்த்தார். மனச்சோர்வு என்றார்கள். பத்தொன்பது நாளில் தேறி வீட்டுக்குப் போனேன். ரெண்டு வருஷம் கழித்து இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

முதல் ஒரு வருஷம் வார்டில் நான் வைத்ததுதான் சட்டம். "மங்கையக்காவக் கூப்புடுங்க" என்று நாலு பக்கமும் கேட்பார்கள். எனக்கும் கால் தரையில் படாது. அப்புறம் கரியாலூர் பக்கத்திலிருந்து பச்சையம்மா இதே வேலைக்கு வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவள், மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். தலைமை நர்ஸ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிமுகம் செய்துவைத்தார். ஆறு வருஷம் காதில் யாரோ பேசுகிற குரல் கேட்டதாம். மூன்று தடவை அட்மிட் ஆனாளாம். முக்காடு போட்டுப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண் என் பக்கம் திரும்பி, நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டாள். பத்தொன்பது என்றேன்.

"அவ்ளோதானாக்கா?"

டீச்சரம்மா

எங்கள் தொழிலில் கையில் இருக்கிற ஒரே சரக்கு சொந்தக் கதைதான். அதையும் சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரி அளவாகப் போடச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். பச்சையம்மா அதைக்கூடப் போடுவதில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா இருப்பாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், நாலு நாளாக வாயைத் திறக்காத பெண் கட்டிலைவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? அவளை அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "ஏங்க", "இந்தாங்க" என்றே ஓட்டினேன்.

சரி, அவள் சொல்லாமல் விடுகிற பங்குக்கும் சேர்த்து என் கதையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். ரிட்டையரான டீச்சரம்மா ஒருவர் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கார்த்திகையில் ஆரம்பித்து, பத்தொன்பது நாளையும் ஒரு நாள் விடாமல் சொன்னேன். பதினோராம் நாள் வருவதற்குள் எனக்கே கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. டீச்சரம்மா தன் அழுகையை நிறுத்திவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழாத கண்ணு, எல்லாம் சரியாப் போயிடும். நான் வேணா டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

அல்வா

தேறி வீட்டுக்குப் போன பெண் ஒருத்தியின் அம்மா, ஒரு மாதம் கழித்து அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அந்தப் பெண்ணோடு முதல் பதினோரு நாள் உட்கார்ந்தது நான். தலையில் பேன் பார்த்தது நான். என் சீப்பைக் கொடுத்தது நான். பச்சையம்மா கடைசி ரெண்டு நாள்தான் உட்கார்ந்தாள். அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாக எழுந்து நின்றேன். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பரிதாபமாகப் பார்த்தார்.

"இத அந்த மலைக்காரம்மாகிட்ட குடுத்துடும்மா. ஒன்ன எப்ப வூட்டுக்கு வுடுறேன்னு சொன்னாங்க?"

முட்டை

சாந்தி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சின்னசேலம் பக்கம், கரும்பு வெட்டுக்குப் போகிறவள், முப்பது வயசு இருக்கும். சோற்றில் விஷம் கலந்திருக்கிறார்கள், தின்னாதே என்று ஒரு குரல் அவள் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கன்னம் ஒட்டிப்போய், எழுந்து நின்றால் தள்ளாடுவாள். நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், அவள் கண்ணெதிரே அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினேன். நான் செத்து விழுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, தட்டைத் தொடவில்லை.

பச்சையம்மா சமையல்கட்டுக்குப் போய், ஓடு உரிக்காத அவித்த முட்டையும் தோலோடு ஒரு வாழைப்பழமும் வாங்கிவந்தாள். கட்டிலில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாந்தி முட்டையை எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தானே ஓட்டை உரித்துத் தின்றாள். மாத்திரையும் அப்படித்தான். பிரிக்காத அட்டையை நீட்டினால், தானே அழுத்தி எடுத்துப் போட்டுக்கொள்வாள். இது எப்படித் தெரியும் என்று நர்ஸ் கேட்டதற்கு, "நான் ஒரு வருசம் வாழப்பழத்துலயே காலத்த ஓட்டிக்கினு இருந்தவதான" என்றாள் பச்சையம்மா. நியாயம் கேட்கிறேன், இதை நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? எனக்கு வந்த நோயில் இந்தப் பாடமே இல்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது?

"மங்கை, நீங்களும் பச்சையம்மாகிட்ட கொஞ்சம் கத்துக்கங்க."

அவள் லீவில் போன நாள்

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று பச்சையம்மா ரெண்டு நாள் மலைக்குப் போனாள். வாசல் தாண்டி அவள் தலை மறைந்ததும் சாந்தி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டேன். சாந்தி அவளைத்தான் கேட்டாள். நாளை மறுநாள் வருவாள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "ஒனக்கும் கொரலு கேட்டுச்சாக்கா?" என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உன் வாழ்க்கையில் நடக்காததைச் சொல்லாதே என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. ஆனால் அந்தப் பெண் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். "கேட்டுச்சே" என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் ஒரு பொம்பளை பேசுவாள், அடுப்பைப் பற்றவைக்காதே என்பாள் என்று தைத்து, காஜாவும் எடுத்து, பித்தானும் வைத்துவிட்டேன். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அது எப்படி நின்றது என்று கேட்டாள். "ஒரு நாளு 'போடி வெளிய'ன்னு கத்தினேன், ஓடிப்போச்சி" என்றேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து நடக்கும்போது சாந்தி பின்னாலிருந்து கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. விழாத மாதிரி போய்விட்டேன்.

"அப்ப மாத்திர கூட வேணாமாக்கா?"

மறுநாள்

காலையில் டூட்டிக்கு வந்தபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. சாந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போடி வெளிய, போடி வெளிய" என்று கத்திக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து கத்துகிறாளாம். தொண்டை கிழிந்துபோயிருந்தது. மாத்திரை அட்டையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். முட்டை அப்படியே இருந்தது, பழமும் அப்படியே இருந்தது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்படியே போனால் டிரிப் ஏற்ற வேண்டும், மூக்கு வழியாகக் குழாய்கூட வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார்.

யாருக்கும் எதுவும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு முழுநாள் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் வேலை போகும், பச்சையம்மாவுக்கு முன்னால் என் மூக்கு அறுபடும். உண்மையைச் சொன்னால், ரெண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. சாயங்காலம் பக்கத்தில் போனபோது சாந்தி கத்துவதை நிறுத்தியிருந்தாள். கத்தக் குரல் இல்லை.

"ஒனக்குப் போயிடுச்சி, எனக்குப் போவ மாட்டேங்குதே. நான் செஞ்ச பாவம் ஜாஸ்தி போலக்கா."

பைப்படியில்

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பச்சையம்மா வந்து இறங்கினாள். பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தவளைப் போய்ப் பிடித்தேன். "அக்கா" என்றேன். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். உன்னைப் பார்த்து எரிந்துதான் இப்படிச் செய்தேன் என்பதையும் விடவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். அவள் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை மூடினாள்.

"எனக்கு இன்னும் கேக்குது மங்கை. டாக்டருக்குத் தெரியும், ஒங்கிட்டதான் சொல்லல. பஸ்ஸுல வரும்போதுகூட கேட்டுக்கினுதான் வந்தேன். நீ பத்தொம்போது நாளுல எழுந்து வூட்டுக்குப் போனவ. ஒன்னப் பாத்து எனக்கு எரியாதா?"

சாந்தி கேட்டது

முதலில் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லுங்க" என்றார். பச்சையம்மாவும் கூட வந்தாள். சாந்தி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. தரையில் உட்கார்ந்து சொன்னேன்: "எனக்கு ஒரு நாளும் எந்தக் கொரலும் கேக்கல சாந்தி. அன்னிக்குச் சொன்னது பொய். கத்தினா போவும்னு சொன்னதும் பொய். ஒனக்குப் போவலன்னா அது ஒன் பாவம் இல்ல." பச்சையம்மா தன் பங்குக்குச் சொன்னாள்: "எனக்குக் கேட்டது நெசம். இப்பவும் எப்பனா வரும், கம்மியா. மாத்திர போட்டுக்கினுதான் கீறேன். அது பேசிக்கினே இருக்கும், நான் சோறு தின்னுக்கினே இருப்பேன்."

சாந்தி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவுதான், இனி இந்த வார்டில் யாரையும் நம்ப மாட்டாள் என்றுதான் நினைத்தேன். மெதுவாக எழுந்து உட்கார்ந்து, நர்ஸ் நீட்டிய புது அட்டையை வாங்கினாள். மாத்திரையைத் தானே அழுத்தி எடுத்து, குழாய்த் தண்ணீரைத் தானே பிடித்துவந்து விழுங்கினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஏங்க்கா, இதப் போயி யாருனா ஆசப்பட்டுச் சொல்லுவாங்களா?"

வேலை போகவில்லை. ரெண்டு மாசத்துக்கு எந்த நோயாளியோடும் தனியாக உட்காரக்கூடாது, பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்க்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். நாலாம் நாள் சாந்தி தட்டில் போட்ட சாம்பார் சாதத்தை அரைத்தட்டு சாப்பிட்டாள். அப்போதும் அவள் பச்சையம்மாவைப் பார்த்துத்தான் சிரித்தாள். எனக்கு அப்போதும் எரிந்தது, இனி இந்த விஷயத்தில் பொய் சொல்லப் போவதில்லை.

அடுத்தவளின் நகையையும் வீட்டையும் பார்த்து வயிறெரிகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கலாம், ஆனால் அடுத்தவளின் நோயைப் பார்த்து வயிறெரிந்துவிட்டு அதற்கு மாசச் சம்பளமும் வாங்கியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.