முழுக்கைச் சட்டையில் மறைத்த தடிப்பு

என் மனைவி காமாட்சி காசநோயில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இருமலை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. வீட்டில் மிச்சம் நானும் ஒன்பதாவது படிக்கும் மகளும்தான்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் முன்கையில் ஊசி போட்டார்கள். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருந்தால் அந்த இடம் தடிக்குமாம். "மூணு நாளுக்குள்ள வந்து கையைக் காட்டணும்ணா" என்றார் நர்ஸம்மா.

அந்த இடத்தில் திருநீறு பூசி, மலையைப் பார்த்து அழுதேன். "அண்ணாமலையாரே, கை தடிக்கக் கூடாது. என் பொண்ணுக்கு நானாவது இருக்கணும்." மகளுக்குத் தடிக்கவில்லை. எனக்குத் தடித்தது. சாமி கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். மகளை மட்டும் காட்ட அனுப்பினேன். யாரும் பார்க்காவிட்டால் நோயே இல்லை என்று ஒரு மூட எண்ணம்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் எங்கள் குழுவின் அன்னதானம். ஐந்தாவதோடு நின்றவன் நான், நாலு பேர் முன்னால் பேச வராது. பதினோரு வருடமாகச் சாம்பார் ஊற்றுவதுதான் என் பெருமை. முழுக்கைச் சட்டையோடு நின்றேன். கிரிவலம் வந்த நர்ஸம்மா வரிசையில் என் எதிரே தட்டை நீட்டினார்.

"ஏண்ணா, பொண்ண அனுப்பிட்டு நீங்க டிமிக்கியா? சட்டைய மடிங்க."

மடித்தேன். தடவிப் பார்த்தார். "நல்லா தடிச்சிருக்கு. காலைல முதல் ஆளா வந்துடுங்க. விட்டா காமாட்சி அக்கா மாதிரி ஆயிடும்."

பக்கத்தில் நின்ற குழுத் தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. "யோவ், டிபிய வச்சிக்கிட்டா ஊத்துற? கரண்டிய வையி."

வைத்தேன். கூட்டமே பார்த்தது.

மறுநாள் கையை அளந்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. கிருமி உள்ளே தூங்குகிறது, இது நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, எழும்பாமல் இருக்க மாத்திரை போதும் என்றார் டாக்டர். வாரம் ஒரு முறை, மூன்று மாதம். முடித்துவிட்டேன்.

யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிய சீட்டைத் தலைவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்தும், செருப்புக் காவலுக்கு அனுப்பினார். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

தடிக்கக் கூடாது என்று கேட்டேன், கொடுக்கவில்லை. மகளுக்கு நான் இருக்க வேண்டும் என்றேன், நர்ஸம்மாவை என் எதிரே அனுப்பிக் கொடுத்தார். நன்றி சொல்கிறேன். காமாட்சிக்கு மட்டும் ஏன் யாரையும் அனுப்பவில்லை என்றும் கேட்கிறேன்.

அடியார்களே, அண்ணாமலையாரை நம்புங்கள். நம்பிவிட்டுக் கையையும் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், செருப்பு விடும் இடத்தில் என்னைக் கேளுங்கள். நானே கூட்டிப்போகிறேன்.