கொக்கு ஏரிக் கமிட்டியின் ஊர்ப் பிரதிநிதி

முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஏரியில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. அதைச் சுற்றுலா இடமாக்க எங்கள் டவுன்ஷிப்பில் கமிட்டி போட்டோம். கிராம ஒத்துழைப்புக்காக ஏரிக்கரை ஊரிலிருந்து ஒருவரையும் சேர்த்துக்கொண்டோம். நெடிய, கறுத்த மனிதர். ஏரியை நெருங்கினாலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்துக்கொள்வார். நான் உரையாற்றும்போது மட்டும் தூங்கிவிடுவார், ரசனையுள்ளவர்.

திறப்பு விழாவன்று பெரிய அதிகாரியை வரவேற்க ஏரிக்கரையில் சரவெடி கொளுத்தினோம். கொக்குகள் மொத்தமாகப் பறந்துபோயின.

ஊர்ப் பிரதிநிதி என்னிடம் வந்தார். "இதுங்களுக்காக எங்க ஊர்ல தீவாளிக்கே வெடி வெக்கறதில்லீங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?"

"கூட்டத்துக்குக் கூட்டம் குந்திகினுதான் இருந்தேன். யாராச்சும் பேச வுட்டீங்களா?"

கொக்குகள் திரும்பவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவருடைய ஊரிலிருந்து வெடிச்சத்தம் எங்கள் குவார்ட்டர்ஸ்வரை கேட்டது. கிராமத்தாருக்குப் பறவைகள்மேல் அக்கறையில்லை என்று கமிட்டி வருந்தியது. அவரும் ஒரு திரியைக் கொளுத்தியிருப்பாரா என்றுதான் நான் இன்னும் யோசிக்கிறேன்.